அடி நோட்டும் ஒரு கறுப்புக் குடையும்

ஜூலை 2, செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். வேறு யார் வாயிலிருந்தாவது உனக்கு வந்து சேர்வதற்குள் நானே சொன்னால் கொஞ்சம் மெருகு போட்டுக்கொள்ளலாம். போன சனிக்கிழமை, உன் மகளின் ரக்பி அணி ஆடிக்கொண்டிருந்த மைதானத்தின் ஓரத்தில், "பாதுகாப்புப் பொறுப்பாளர்" என்று முதுகில் அச்சடித்த ஆரஞ்சுச் சட்டையோடு நான் மயங்கி விழுந்துவிட்டேன்.

வெயில் காரணமில்லை. ஒரு பெண்ணுக்கு மூக்கில் ரத்தம் வந்தது. "அங்கிள், பஞ்சு குடுங்க" என்று ஓடிவந்தாள். பஞ்சை எடுத்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது, வட்டமாகக் குனிந்த ஒரு டஜன் பெண்களின் முகங்களும் நடுவில் கொஞ்சம் வானமும்.

ஒரே ஆறுதல், எல்லாவற்றையும் நான் சொல்லிக்கொடுத்தபடியே செய்தார்கள். கழுத்தை அசைக்காமல் பார்த்துக்கொண்டார்கள். கூட்டத்தை விலக்கினார்கள். பிறகு உன் மகள், நம் குண்டூசி, என் பக்கத்தில் மண்டியிட்டு (வீட்டில் கூப்பிடும் பெயர் அணி முழுக்கப் பரவிவிட்டது, பரப்பியவன் யார் என்று விசாரிக்காதே) தலையில் அடிபட்டவர்களிடம் கேட்கவேண்டிய கேள்விகளை வரிசையாகக் கேட்டாள்.

"இது எந்தப் பாதி? கடைசியா பாயின்ட் எடுத்தது யாரு? போன வாரம் யாரோட ஆடினோம்?"

மூன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. மயக்கத்தால் இல்லை அக்கா, மயங்குவதற்கு முன்பும் தெரியாது.

"மாமா பெயில்" என்றாள். எங்களிடம் அடி நோட்டு என்று ஒன்று இருக்கிறது. தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே போதும், பெயர், தேதி, நேரம் எழுதி, ஆளை அன்றைக்கு வெளியே உட்கார வைத்துவிட வேண்டும். டாக்டர் சரி என்று சொல்லாமல் திரும்ப இறங்கக் கூடாது. புத்தம் புது நோட்டு. அதில் முதல் பெயர் என்னுடையது.

உனக்கே தெரியும், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் ஏதாவது ஒரு வேலை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். வேன் ஏற்பாடு, சீருடை துவைப்பது, பழம் நறுக்குவது, பாதுகாப்பு. பாதுகாப்பு என்றால் நாற்காலி போட்டு உட்காரும் வேலை என்று நம்பி மோசம் போனேன். இப்போது பல்லுக்குப் போடும் மவுத் கார்டை மறந்துவிட்டு வருகிறவளைப் பிடிப்பது, பூட்ஸ் அடியில் கூராகத் தேய்ந்த குமிழ்களைத் தடவிப் பார்ப்பது, வெயில் நாளில் தண்ணீர் குடிக்க வைப்பது, எடை கூடிவிடும் என்று காலைச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு வருகிறவளைக் கண்டுபிடித்து வாழைப்பழத்தோடு துரத்துவது எல்லாம் நான்தான்.

போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது என்பதற்காக, குண்டூசியை என்னிடம் விட்டுவிட்டு நீ வெளியூரில் படிக்கும் ஒரு வருட நர்சிங் படிப்பு முடியும்வரை கடிதம் மட்டும் என்று நீ போட்ட ஒப்பந்தத்தை நான் எவ்வளவு மதிக்கிறேன் பார், மயக்கத்தைக்கூட எழுதி அனுப்புகிறேன். வரும் சனிக்கிழமை அரையிறுதி. கவலைப்படாமல் படி.

இப்படிக்கு,
நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் உன் தம்பி


ஜூலை 4

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை ஓய்வறையில் மற்ற நர்ஸ்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டேன். மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன். தலைக்காய வார்டில் சிரிப்பதற்கு எங்களுக்கு வேறு என்ன கிடைக்கிறது?

சிரித்து முடித்ததும் ஒரு கவலை வந்தது. உன் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும்போது நீ எப்படிக் கேட்பாய்? "இப்போ தெளிவாத் தெரியுதில்ல?" என்பாய். வந்தவரும் உன் மனசு நோகக் கூடாதே என்று தலையாட்டிவிடுவார். உன் முகத்துக்காகப் பாதிப் பேர் தப்பான பவரில் நடமாடுகிறார்கள். சின்ன வயதில், "அக்கா படிச்சாளான்னு பாரு" என்று அம்மா அனுப்பினால், "படிச்சிட்ட இல்லக்கா?" என்றுதான் கேட்பாய். அப்போது அது எனக்கு வசதியாக இருந்தது.

மைதானத்தில் அந்தப் பழக்கம் வேண்டாம்டா. கேள்வியை மட்டும் கேள். பதில் வர எவ்வளவு நேரம் ஆனாலும் வாயை மூடிக்கொண்டு நில்.

குண்டூசியை நேரத்தோடு படுக்கச் சொல். நான் அவளை இந்த ஆட்டத்துக்கு விட்டது ஓரத்தில் நீ நிற்கிறாய் என்பதற்காகத்தான். இந்த ஒரு வரியைச் சிரிக்காமல் எழுதினேன்.

அக்கா


ஜூலை 8, திங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெயித்துவிட்டோம்! இறுதிப் போட்டி இருபதாம் தேதி. எதிரணியில் ஒவ்வொருத்தியும் பீரோ மாதிரி இருந்தாள். நம் பெண்கள் பீரோவுக்கு அடியில் ஓடும் எலி மாதிரி ஓடினார்கள். கோச்சம்மா கடைசி ஐந்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டே நின்றார். விசில் ஊதியதும் என்னைக் கட்டிப்பிடிக்க வந்து, பாதியில் நான் யார் என்று ஞாபகம் வந்து, கை மட்டும் கொடுத்தார்.

குண்டூசிக்கு இடது கணுக்கால் லேசாகப் பிசகியிருக்கிறது. பெரிதாக ஒன்றுமில்லை. அதிர்ஷ்டத்தைப் பார், அன்று சாயந்திரமே நம் தெருமுனை கிளினிக் டாக்டரம்மா, நீ ஆறு வருடம் வேலை பார்த்தாயே அவரேதான், தற்செயலாக நம் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கறுப்புக் குடை. "இது உங்க வீட்டுக் குடைதானே? ரொம்ப நாளா கிளினிக்ல கிடக்குது" என்றார். ஆமாம் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். மரக் கைப்பிடி போட்ட நல்ல குடை. வந்தவரை விடுவேனா? கையோடு குழந்தையையும் பார்க்கச் சொன்னேன். இரண்டு நாள் ஓய்வு, டிவி, செல்போன் கூடாது, அறையில் வெளிச்சம் குறைவாக இருக்கட்டும் என்றார். அப்படியே செய்கிறோம்.

கடையில் ஒரு பெரியவர் புதுக் கண்ணாடி போட்டதும் மனைவியைப் பார்த்து, "நீயா?" என்றார். எனக்கு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு பவரைக் குறைத்துக் கொடுத்தேன்.

உன் தம்பி


ஜூலை 10

அன்புத் தம்பிக்கு,

ஜெயித்ததற்குச் சந்தோஷம். கணுக்கால் வீக்கம் எப்படி இருக்கிறது? எந்தக் கால் என்று இன்னொரு முறை எழுது.

எங்கள் வார்டில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். வேறு விளையாட்டு. ஒரு திங்கட்கிழமை தலையில் இடித்துக்கொண்டிருக்கிறான். நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை இரண்டாவது அடி, முதலைவிடச் சின்ன அடிதான். மூன்று மாதமாக இங்கே இருக்கிறான். நேற்று அவனுக்குக் கரண்டி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தேன். தன் பெயரில் பாதியைச் சொன்னான். அவன் அம்மா பக்கத்திலேயே நின்றாள். மீதியை எடுத்துக்கொடுக்கவில்லை. அவனே சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

உன் கடிதத்தில் ஏதாவது எழுத விட்டுப்போயிருந்தால் அடுத்ததில் எழுது.

அக்கா


ஜூலை 12, வெள்ளி

அன்புள்ள அக்காவுக்கு,

அந்தப் பையனை நினைத்தால் சோறு இறங்கவில்லை. இனி அப்படிப்பட்டதை எழுதும்போது ஓரத்தில் ஒரு எச்சரிக்கை போடு.

வலது கணுக்கால் தேறிவிட்டது. வீக்கம் இல்லை. ஆனால் அதிலேயே ஒரு சின்னச் சிக்கல். நேற்று கோச்சம்மா ஒரு டப்பா களிம்போடு வீட்டுக்கே வந்துவிட்டார். "எந்தக் கால்?" என்றார். குண்டூசி என்னைப் பார்த்தாள். நான் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தேன். அவள் இரண்டு காலையும் நீட்டிவிட்டாள். கோச்சம்மா அமுக்கினார், திருகினார், ஒற்றைக் காலில் குதிக்க வைத்தார். "கல்லு மாதிரி இருக்கு சார்! பைனல்ல இவதான் முதல் ஆளு!" என்று சொல்லிவிட்டுக் களிம்பை எனக்கே கொடுத்துவிட்டுப் போனார். அப்போதிலிருந்து பிள்ளை பாட்டுப் பாடிக்கொண்டு திரிகிறாள். நான் பாடவில்லை.

எழுத விட்டுப்போனது ஒன்றும் இல்லை. மழை இல்லை. காய்கறி விலை ஏறிவிட்டது. குடை நன்றாக உழைக்கிறது.

தம்பி


ஜூலை 14

தம்பி,

எட்டாம் தேதிக் கடிதத்தில் இடது கால். பன்னிரண்டாம் தேதியில் வலது கால். கணுக்கால் பிசகினவளை டிவி பார்க்காதே என்று சொல்லும் டாக்டரோடு நான் ஆறு வருடம் வேலை பார்க்கவில்லை.

ஒரே ஒரு கேள்வி. பதிலைக் கூடவே வைத்து அனுப்பவில்லை. என்ன நடந்தது?

அக்கா


ஜூலை 17, புதன்

அக்காவுக்கு,

"அன்புள்ள" போட இன்றைக்கு எனக்குத் துணிச்சல் இல்லை.

இரண்டு காலிலும் ஒன்றுமில்லை. தலையில் அடி.

அரையிறுதியின் இரண்டாம் பாதி தொடங்கிப் பத்து நிமிடம் இருக்கும். அந்தப் பீரோக்களில் ஒருத்தியைக் குண்டூசி இடுப்பைக் கட்டி வீழ்த்தப் போனாள். தலை அவள் முழங்காலில் மோதியது. உடனே எழுந்துவிட்டாள். எழுந்தவள் நேராகப் போய் எதிரணி வரிசையில் நின்றாள். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன் அக்கா.

நடுவர் என்னைக் கூப்பிட்டார். ஓடினேன். நீ எழுதியது ஒவ்வொரு எழுத்தும் ஞாபகம் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் பறந்துவிட்டது.

"கண்ணு, இது ரெண்டாவது பாதிதானே?"

"ஆமா."

"கடைசி பாயின்ட் நாமதானே எடுத்தோம்?"

"ஆமா மாமா."

"போன வாரம் பச்சைச் சட்டைக்காரங்களோடதானே?"

"ஆமா."

மூன்றும் சரி. மூன்றையும் சொன்னவன் நான். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். மீதி நேரம் முழுக்க அவள் ஆடினாள். அதற்குள் இன்னொரு அடி விழுந்திருந்தால்? உன் வார்டுப் பையனின் கரண்டி என் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

திரும்பி வரும்போது வேனில், "மாமா, நாம ஜெயிச்சோமா?" என்றாள். ஜெயித்தோம் என்றேன். ஐந்து நிமிடம் கழித்து, அதே குரலில், "மாமா, நாம ஜெயிச்சோமா?" என்றாள். வீட்டுக்கு வந்ததும் அவள் முகம் கழுவப் போனாள். நான் சமையலறையில் போனை எடுப்பதும் வைப்பதுமாக நின்றேன். உனக்கா, ஆஸ்பத்திரிக்கா, யாருக்குப் பண்ணுவது? அப்போதுதான் அழைப்பு மணி. குடையோடு டாக்டரம்மா.

அவர் எப்படிக் கேட்கிறார் தெரியுமா? கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிறார். போன வாரம் யாரோடு ஆடினீர்கள் என்ற கேள்விக்கு நம் குழந்தை சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு நாக்கு நுனியில் பச்சைச் சட்டை. டாக்டரம்மா விரலை உதட்டில் வைத்து என்னை அடக்கினார். பதில் வரவே இல்லை.

"மூணு வாரமாவது ஆட்டம் கிடையாது. அப்புறமும் படிப்படியாத்தான். வாந்தி எடுத்தாலோ தலைவலி கூடினாலோ நேரா ஆஸ்பத்திரி. இன்னைக்கே கோச்சுக்குச் சொல்லி, நோட்டுல எழுதிடுங்க" என்றார். சரி என்றேன். அன்று இரவு முழுக்க அவள் பக்கத்தை விட்டு நகரவில்லை. அது ஒன்றுதான் நான் ஒழுங்காகச் செய்தது. நோட்டில் எழுதவில்லை.

ஏன் என்றால், நான் மயங்கி விழுந்தபோது எல்லோரும் சிரித்தது எனக்குப் பிடித்திருந்தது. இதற்கு யாரும் சிரிக்கமாட்டார்கள்.

அதனால்தான் கணுக்காலைக் கண்டுபிடித்தேன். உனக்கு நானே எழுதுகிறேன், நீ ஒன்றும் சொல்லாதே என்று குழந்தையிடமும் வாக்கு வாங்கினேன். "சரி மாமா, இனிமே அம்மாகிட்ட எதுவும் சொல்லல" என்றாள். வாக்கைக் காப்பாற்றிவிட்டாள். அவள் மேல் கோபப்படாதே.

நேற்று பயிற்சியில் கோச்சம்மா இறுதிப் போட்டிக்கான பட்டியலைப் படித்தார். முதல் பெயர் குண்டூசி. எல்லோரும் கைதட்டினார்கள். பெற்றோர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். உன் கடிதம் அன்று காலைதான் வந்து என் சட்டைப் பையில் இருந்தது. போய் அடி நோட்டை எடுத்தேன். என் பெயருக்குக் கீழே அவள் பெயரையும் ஆறாம் தேதியையும் எழுதினேன். எழுதியதைச் சத்தமாகப் படித்தேன். கணுக்கால் பொய் என்பதையும் சொன்னேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை.

"சட்டையக் கழட்டிக் குடுங்க சார்" என்றார் கோச்சம்மா. கொடுத்தேன். மடித்தார். பிறகு, "பத்து நாள் கழிச்சாவது எழுதினீங்களே. இனிமே நீங்க தனியா கேக்கக் கூடாது, பக்கத்துல ஒருத்தர் நின்னு கேக்கணும். வேற ஆளும் கிடைக்கல" என்று திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் குழந்தை அழுதாள். "தலைவலி போய் அஞ்சு நாளாச்சு மாமா. எனக்கு ஒண்ணுமே இல்ல. ஏன் எழுதினீங்க?"

"தலை ஒண்ணுதானே இருக்கு கண்ணு."

"கால் ரெண்டு இருக்குன்னுதான் அதைச் சொன்னீங்களா?"

அதற்கப்புறம் அவள் என்னோடு பேசவில்லை.

நீ அவளை அங்கே அழைத்துக்கொள்ள நினைத்தால் நான் மறுக்க வாயில்லாதவன். பையை நானே அடுக்கித் தருகிறேன். மவுத் கார்டை மட்டும் இங்கேயே வைத்துக்கொள்ளட்டுமா?

தம்பி


ஜூலை 19

அன்புத் தம்பிக்கு,

இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டு மூன்றாவதாக எழுதுகிறேன். கிழித்ததில் இருந்ததை நீயே ஊகித்துக்கொள். அதெல்லாம் உனக்குத் தகும்.

அடிபடும், அது அந்த ஆட்டத்தில் இருக்கிறது. அவளைத் திரும்ப உள்ளே அனுப்பினாயே, அதற்குக் கோபம். அதைவிடப் பெரிய கோபம், பத்து நாள் இதை ஒருவரிடமும் சொல்லாமல் தூக்கிக்கொண்டு திரிந்தாயே, அதற்கு. உனக்கு அக்கா என்று ஒருத்தி எதற்கு?

ஆனாலும் எழுதிவிட்டாய். எத்தனையோ பெரியவர்கள் வாய் திறக்காமல் இருந்து, பிள்ளைகள் எங்களிடம் வந்து சேர்வதை நான் தினமும் பார்க்கிறேன். அந்தப் பையன் இன்று தன் பெயரை முழுசாகச் சொன்னான். அவன் அம்மா அழுதுகொண்டே வெளியே போய், முகம் கழுவிவிட்டு வந்து, ஒன்றும் நடக்காததுபோல உட்கார்ந்தாள். காத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கும் தெரியும்டா.

குண்டூசி அங்கேயே இருக்கட்டும். மவுத் கார்டும். நாளைக் காலையே சேரும்படி இதைக் கூரியரில் அனுப்புகிறேன், நாளைக்கு அவளை மைதானத்துக்குக் கூட்டிப் போ. வீட்டில் உட்கார வைக்காதே.

அக்கா


ஆகஸ்ட் 12, திங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

"அன்புள்ள" திரும்ப வந்துவிட்டது, பார்த்தாயா?

மூன்று நாள் எங்களுக்குள் பேச்சு வார்த்தை குளிர்சாதனப் பெட்டியின் கதவில்தான் நடந்தது. "பால் இல்லை" என்று ஒரு சீட்டு. "வாங்கிவிட்டேன், மன்னித்துவிடு" என்று நான். "பாலுக்கா?" என்று அவள். "எல்லாவற்றுக்கும்" என்று நான். அதற்குப் பதில் சீட்டு வரவில்லை.

இறுதிப் போட்டியன்று அவளாகவே வேனில் ஏறினாள். மைதானத்தில் என் பக்கத்தில் வந்து நின்றாள். பக்கத்தில் நிற்கும் ஆள் வேண்டும் என்றார்களே, அது தான்தான் என்று கோச்சம்மாவிடம் முன்பே சொல்லிவைத்திருக்கிறாள். ஆட்டம் முடியப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போது எங்கள் கேப்டனுக்கு நெற்றியில் இடி. ஓடினோம். நான் வாயைத் திறந்து, "இது ரெண்டாவ..." என்றேன். விலாவில் ஒரு குத்து.

"மாமா. கேள்வி மட்டும்."

"இது எந்தப் பாதி?" என்றேன். கேப்டன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்குப் பத்து வருடம் போன மாதிரி இருந்தது. "முதல் பாதி" என்றாள்.

நோட்டில் மூன்றாவது பெயரைக் குண்டூசியே எழுதினாள். கேப்டன் இல்லாமல் இரண்டு புள்ளியில் தோற்றோம். கேப்டனின் அப்பா என்னிடம் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். வேனில் உன் மகள் என் தோளில் சாய்ந்து, "தோத்துட்டோம் இல்ல மாமா?" என்றாள். "பதிலைக் கேள்வியிலயே வைக்காதே" என்றேன். சிரித்தாள். ஒரே ஒரு முறைதான் கேட்டாள் அக்கா, அதைக் கவனித்துக்கொண்டே வந்தேன்.

மூன்று வாரம் முடிந்ததும் டாக்டரம்மா நடக்க, ஓட, பந்து பிடிக்க என்று ஒவ்வொரு படியாக ஏற்றிவிட்டார். நேற்று முன்தினம் முழு ஆட்டம் ஆடினாள். நான் ஓரத்தில் அந்தக் கறுப்புக் குடையைப் பிடித்தபடி நின்றேன். தண்ணீர் இடைவேளையில் நாலு பேருக்கு நிழல் தருகிறது. கடையிலும் மாறிவிட்டேன். "என்ன தெரியுது?" என்று மட்டும் கேட்கிறேன். வாடிக்கையாளர்கள் மிரள்கிறார்கள்.

இப்போது நினைத்துப் பார்த்தால் என்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கிறது. ஒளித்தவனும் நான், சொன்னவனும் நான். அன்று தற்செயலாக வந்த டாக்டரம்மாவை விட்டுவிடாமல் குழந்தையைப் பார்க்கச் சொன்ன சமயோசிதமும் என்னுடையதே. ஒரு பொறுப்பாளனுக்கு வேறென்ன வேண்டும்?

உன் பொறுப்பான தம்பி

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் டாக்டரம்மா வந்தார். வெளியே நல்ல மழை.

"சார், என் குடை உங்ககிட்டதானே இருக்கு?"

"உங்க குடையா?"

"அன்னைக்கு பாப்பா பாத்ரூம்ல இருந்தே அம்மாவுக்குப் போன் போட்டிருக்கா. தலை வலிக்குது, ஆட்டம் பாதி ஞாபகம் இல்ல, மாமாவைத் திட்டாதீங்கன்னு. உங்க அக்கா அடுத்த நிமிஷம் எனக்குப் பண்ணி, ஏதாவது சாக்கு வெச்சு உடனே போய்ப் பாருங்க, மீதியத் தம்பியே சொல்லட்டும்னாங்க. வாசல்ல மாட்டியிருந்தது இதுதான்."

குடையைக் கொடுத்துவிட்டேன். கைப்பிடியில் அவர் கிளினிக் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது.